எட்டு ஊருக்கு ஒரு தவசிலிங்கம்

நெடுங்கரை வட்டாரத்து எட்டு ஊர்களுக்கும் எட்டு உதவி வேளாண்மை அலுவலர்கள் வேண்டும் என்று ஒரு காலத்தில் யாரோ யோசித்து ஆணை போட்டிருந்தார்கள், ஆனால் ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் வராமலும், மாறுதல் வாங்கிப் போனவர் இடத்துக்கு ஆள் வராமலும், மாரடைப்பில் போய்விட்டவர் இடத்துக்கு ஆள் வராமலும் ஆறு வருஷம் கழிந்தபோது எட்டுப் பேரில் சி. தவசிலிங்கம் ஒருவர்தான் மிச்சம் இருந்தார், மீதி ஏழு ஊர்களும் ‘கூடுதல் பொறுப்பு’ என்ற பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் தோளில் ஏறிக்கொண்டன. வெள்ளாரம்பட்டி, குருந்தன்குளம், ஆத்திப்புதூர், கீழத்தாதனூர், மஞ்சநேரி, செவல்மேடு, ஓடைப்பட்டி, வல்லூரணி என்று அந்த ஊர்களை அவர் வரிசை மாறாமல் சொல்வார், வரிசை மாறாமல் போகவும் செய்வார், ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று பழைய மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்தால் ஒன்பதாவது நாள்தான் மறுபடி முதல் ஊரில் நிற்க முடியும். மக்காச்சோளத்தில் விழும் படைப்புழுவுக்கு ஒன்பது நாள் காத்திருக்கும் பழக்கம் கிடையாது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை சரியாகப் பெய்து கரிசல் முழுக்கச் சோளம் முழங்கால் உயரம் நின்றபோது எட்டு ஊரிலும் ஒரே வாரத்தில் புழு விழுந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தவசிலிங்கம் நெடுங்கரை பேருந்து நிலையத்துக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, போனில் முதலில் மஞ்சநேரிக்காரரையும், அடுத்து ஆத்திப்புதூர்க்காரரையும், அதற்கடுத்து அழுதுகொண்டே பேசிய வல்லூரணிப் பெண்ணையும் கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் “இன்னைக்கே வாறேன், இன்னைக்கே வாறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொன்னபடி அன்றைக்கே எட்டு ஊருக்கும் போனார்.

ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனார், இரண்டு பேர் மினி பஸ்ஸில் ஏறினார்கள், ஒருவர் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டார், ஒருவருக்குப் பால் வண்டிக்காரர் இடம் கொடுத்தார், பக்கத்து ஊர்களுக்கு உரிய மூன்று பேர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தே போனார்கள். பத்து மணிக்கு எட்டு ஊர்ப் புஞ்சையிலும் தவசிலிங்கம் குனிந்து சோளக்குருத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மினி பஸ் நடத்துநர் மட்டும் ஒரே மாதிரி இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “சாருக்குத் தம்பி உண்டா?” என்று கேட்டார், “இல்லை, நான்தான்” என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள், அவரும் சரி என்று இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது, அதன்பிறகு தினமும் அப்படியே நடந்தது. முதல் வாரம் ஊர்களுக்குள் சின்னச் சச்சரவு வந்தது, எங்கள் ஊருக்கு வருகிறவர்தான் அசல், உங்களுடையவர் நிழல் என்று டீக்கடைகளில் பேச்சு முற்றியது, கீழத்தாதனூர்க்காரர்கள் தங்களுடைய தவசிலிங்கத்தை அடையாளம் வைக்க அவர் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டுவிட்டார்கள், செவல்மேட்டுக்காரர்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். ஒரு கல்யாணத்தில் எட்டுப் பேரும் ஒரே பந்தியில் வந்து உட்கார்ந்துவிட, பெண் வீட்டார் முகம் சுளிக்காமல் எட்டு இலை போட்டார்கள். மனிதர்களுக்குப் பழகாதது எதுவுமில்லை. கார்த்திகை பிறந்தபோது பள்ளிக்கூடம் போல, ரேஷன் கடை போல, ஊருக்கு ஒரு தவசிலிங்கம் என்பதும் இருக்கவேண்டியதுதானே என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் எட்டுப் பேரும் நெடுங்கரையில் அவர் வீட்டுக்குத் திரும்புவார்கள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும்போது ஒருவர் மேல் ஒருவராகப் படிந்து ஒருவராகிச் சாப்பிட உட்காருவார்கள். அவர் மனைவி சிவனணைந்தாள் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே செருப்பு ஜோடிகளை எண்ணிப் பார்த்து, எட்டும் சேர்ந்ததும் சோற்றை எடுத்து வைப்பாள். அவளுக்கும் அது பழகிப்போனது.

நெடுங்கரைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் குருவம்மாள் அப்போது மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார். சட்டமன்றத்துக்குப் போகுமுன் இருபத்திரண்டு வருஷம் ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர், ஆளுங்கட்சிக்காரர், கறாரானவர், ஆனால் தேர்தலில் ‘காலிப் பணியிடங்களை நிரப்புவேன்’ என்று எட்டு ஊரிலும் வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டரை வருஷமாகத் தலைநகரத்துக்கு மனு அனுப்பி அனுப்பிக் கை ஓய்ந்திருந்தார். ஊருக்கு ஊர் அலுவலர் நிற்கிறார் என்று கேள்விப்பட்டதும் மனு எழுதுவதை நிறுத்திவிட்டார். கட்சிக்காரர்கள் பேருந்து நிலையத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், ‘எட்டு ஊருக்கும் அலுவலர் தந்த எங்கள் குருவம்மாள்’ என்று அதில் எழுதியிருந்தது, ஒரு பக்கம் அவர் கும்பிட்டபடி நிற்க, இன்னொரு பக்கம் தவசிலிங்கத்தின் ஒரே படத்தை எட்டு முறை ஒட்டியிருந்தார்கள். குருவம்மாள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிற்பாடு அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், “அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும்” என்றுதான் ஆரம்பிப்பார்.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை வல்லூரணியிலிருந்து உலகம்மாள் என்ற பெண் அவருடைய அலுவலகத்துக்கு வந்தாள். இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருந்தவள், அந்த ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை போனில் அழுதவள். இப்போது அவள் அழவில்லை. மடியிலிருந்து ஒரு சோளக்குருத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள், அது சல்லடை மாதிரி துளைத்திருந்தது, உள்ளே மரத்தூள் போலப் புழுவின் எச்சம் அப்பியிருந்தது.

“என்னம்மா இது, சார் வரலையா?” என்றார் குருவம்மாள்.

“வந்தாரு. தினம் வாறாரு. வராம இருந்தாக்கூட நானே எதையாவது வாங்கி அடிச்சிருப்பேன். வந்ததுனாலதாம்மா போச்சு.”

“விவரமாச் சொல்லு.”

“போன வாரம் மறுபடி புழு விழுந்துச்சு. இது என்ன மருந்துக்குக் கட்டுப்படும்னு கேட்டேன், மருந்து பேரு சொன்னாரு. டேங்குக்கு எவ்வளவு கலக்கணும்னு கேட்டேன். ‘அது எனக்குத் தெரியாதும்மா, அளவு தெரிஞ்சவன் குருந்தன்குளத்துல நிக்கான்’னாரு. குருந்தன்குளம் போனேன். அங்க இருந்தவரு அளவு சொன்னாரு, எந்த நேரம் அடிக்கணும்னா, ‘அதுக்கு மஞ்சநேரிக்குப் போகணும்’னாரு. மஞ்சநேரில இருந்தவரு வெயில் தாழ அடிக்கணும்னாரு, இலையிலயா குருத்துலயான்னு கேட்டா ஓடைப்பட்டிக்குக் கைகாட்டுனாரு. நாலு ஊரு, மூணு நாளு. நான் திரும்பி வந்தப்போ அடிக்கிறதுக்குக் குருத்து இல்ல.”

குருவம்மாள் குருத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, “நீ என்கூட வா” என்றார்.

அன்றைக்கு அவர்கள் எட்டு ஊருக்கும் போனார்கள். முதலில் வெள்ளாரம்பட்டியில் விதைக் கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்த தவசிலிங்கம் அவர்களைப் பார்த்ததும் கும்பிட்டார், முகம் பழைய முகம்தான், ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த சுவரின் விரிசல் அவர் சட்டை வழியே லேசாகத் தெரிந்தது. குருவம்மாள் அவரைக் கிடங்கின் எடைமேடையில் ஏறச் சொன்னார். எட்டுக் கிலோ காட்டியது. மேடையில் கோளாறோ என்று உலகம்மாள் ஏறிப் பார்த்தாள், ஐம்பத்தொன்று காட்டியது. குருந்தன்குளத்திலும் எட்டு, ஆத்திப்புதூரிலும் எட்டு. செவல்மேட்டில் வாடைக்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது, அங்கே அவர் வரப்பில் நின்ற வேலிக்கருவை மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் புத்தகத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார், பக்கத்தில் நின்ற புஞ்சைக்காரச் சம்சாரி ஒருவர் பேச்சோடு பேச்சாக அவர் இடுப்பு வாரைப் பிடித்திருந்தார், கேட்டதற்கு, “காத்தடிச்சா சார் ஓடைப்பக்கம் போயிடுதாரு, நாங்க முறை போட்டுப் பிடிச்சுக்கிடுதோம்” என்று சாதாரணமாகச் சொன்னார்.

ஒவ்வோர் ஊரிலும் பார்வைப் பதிவேடு என்று ஒரு நீளமான நோட்டு உண்டு, அலுவலர் வந்து போனதற்கு அதில் கையெழுத்துப் போடவேண்டும். குருவம்மாள் சத்துணவுப் பதிவேடுகளோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவர் என்பதால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நோட்டைத்தான் கேட்பார். ஐப்பசியில் எல்லா நோட்டிலும் முழுக் கையெழுத்து இருந்தது. கார்த்திகையில் அது தேய்ந்து வந்தது. மார்கழியில் வெள்ளாரம்பட்டி நோட்டில் நாள்தோறும் ‘சி’ என்று மட்டும் இருந்தது, குருந்தன்குளத்தில் ‘த’, ஆத்திப்புதூரில் ‘வ’, கீழத்தாதனூரில் மறுபடி ‘சி’, மஞ்சநேரியில் ‘லி’, செவல்மேட்டில் ‘ங்’, ஓடைப்பட்டியில் ‘க’, கடைசியாக வல்லூரணியில் ‘ம்’. அவர் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் சிவனணைந்தாளைப் பார்க்கப் போனார்கள். வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு கிடந்தது. எட்டுப் பேரில் மூன்று பேர் இப்போதெல்லாம் பஸ்ஸைத் தவறவிட்டு ஊரிலேயே கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் தங்கிவிடுகிறார்கள் என்று அவள் சொன்னாள். உள்ளே தவசிலிங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வந்தவர்களை மரியாதையாகப் பார்த்துப் புன்னகை செய்தார், மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது, “நன்றிங்கம்மா” என்றார்.

“ஏன் அப்படிச் சொல்றாரு?” என்று உலகம்மாள் கேட்டாள்.

“என் பேரு தெரிஞ்சவரு ஆத்திப்புதூர்ல இருக்காரு” என்றாள் சிவனணைந்தாள். “நாலு நாளா வீட்டுக்கு வரல. நேத்து நான் பஸ் ஏறிப்போய் அவரைப் பார்த்தேன். தூரத்துலயே பார்த்துட்டு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. அதைக் கேட்டுட்டு அடுத்த பஸ்ல வந்துட்டேன். மிஷின்ல ஏகப்பட்ட துணி கிடக்கு.”

குருவம்மாள் அந்த வீட்டுப் படியில் இறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மறுநாள் காலை ஏணி வைத்து ஃப்ளெக்ஸைத் தானே கழற்றினார். கட்சிக்காரர்கள் கீழே நின்று, “அக்கா, எதிர்க்கட்சிக்காரன் பார்த்தா என்ன நினைப்பான்?” என்று கேட்டார்கள். “எது உண்மையோ அதை நினைப்பான்” என்று சொல்லிவிட்டு அதைச் சுருட்டி வண்டியில் போட்டார்.

ஆனால் அதற்குள் செய்தி தலைநகரம் போயிருந்தது. தை மாதம் துறையின் பெரிய அதிகாரிகள் நான்கு பேர் இரண்டு காரில் வந்தார்கள், எட்டு ஊரையும் சுற்றிப் பார்த்தார்கள், எட்டு இடத்திலும் தவசிலிங்கம் வேலை நேரத்தில் வயலில் நிற்பதைக் கண்ணால் கண்டார்கள், அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். பங்குனியில் சட்டமன்றம் கூடியபோது வேளாண்மைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு பச்சை அட்டை போட்டு வந்தது, அதன் நாற்பத்தோராவது பத்தியில் ‘நெடுங்கரை முன்மாதிரி’ என்று தலைப்பிட்டு, ஓர் அலுவலரே எட்டு ஊர்களில் ஒரே நேரத்தில் பணியாற்ற இயலும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளதால் மாநிலமெங்கும் காலியாக உள்ள பணியிடங்கள் இனித் தேவையில்லை என அரசிடம் திருப்பி ஒப்படைத்து ரத்து செய்யப்படும் என்று எழுதியிருந்தது.

விவாதத்துக்கு முந்திய நாள் வேளாண்மைத் துறை அமைச்சர் குருவம்மாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குருவம்மாளுக்குத் தேர்தலில் இடம் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான், நல்ல மனிதர், தானும் ஒரு கிணற்றுப் பாசனத்துக் குடும்பத்திலிருந்து வந்தவர்.

“தங்கச்சி, நாளைக்கு நீதான் முதல்ல பேசுற. முன்மாதிரி உன் தொகுதியில பிறந்தது. நாலு வார்த்தை நல்லாச் சொல்லு, நாடு முழுக்க உன் பேர் போகும்.”

“அண்ணே, நீங்க அந்த மனுஷனைப் பார்த்தீங்களா?”

“படம் பார்த்தேன். எட்டு இடத்துலயும் நிக்கிறாரு.”

“நிக்கிறாருண்ணே. வேலிக்கருவையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.”

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பத்து வருஷமா ஆள் எடுக்கச் சொல்லிக் கோப்பு போகுது, கோப்பு திரும்பி வருது. எனக்கு மட்டும் ஆசையில்லையா? கிடைச்சதை வச்சு ஓட்டுறோம். நீ இதைக் கிளறினா எனக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம். அடுத்த தடவை உனக்கு இடம் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“அதை அப்பப் பார்த்துக்கலாம்ணே” என்று சொல்லிவிட்டு, குருவம்மாள் எழுந்து கும்பிட்டார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார், திரும்பி ஏறவில்லை.

மறுநாள் அவருக்கு எட்டு நிமிஷம் கொடுத்தார்கள். எழுந்ததும் பேரவைத் தலைவரை வணங்கிவிட்டு, போனில் எடுத்த படங்களைத் தாளில் பெரிதாக்கி அச்சிட்டு வைத்திருந்ததை ஒவ்வொன்றாகப் புரட்டி, நிதானமாக, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் வாசித்தார்.

“வெள்ளாரம்பட்டி, சி. குருந்தன்குளம், த. ஆத்திப்புதூர், வ. கீழத்தாதனூர், சி. மஞ்சநேரி, லி. செவல்மேடு, ங். ஓடைப்பட்டி, க. வல்லூரணி, ம்.”

அவையில் சிரிப்பு எழுந்தது. பேரவைத் தலைவர், “மாண்புமிகு உறுப்பினர் என்ன வாசிக்கிறார் என்று தெரியவில்லை, கொள்கைக் குறிப்பின் மீது பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்றார்.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, நாற்பத்தோராவது பத்தியைத்தான் வாசிக்கிறேன். இது ஒரு அலுவலருடைய கையெழுத்து. எட்டு ஊரையும் சுத்தி வந்தாத்தான் இதை முழுசா வாசிக்க முடியும். அவர்கிட்ட ஒரு பதிலை முழுசா வாங்கவும் ஊர் ஊராச் சுத்தணும். வல்லூரணி உலகம்மாள் சுத்தினாங்க, சுத்தி முடிக்கிறதுக்குள்ள இரண்டரை ஏக்கர் சோளத்தையும் புழு தின்னுட்டுது. நான் சத்துணவுல இருந்தவ. எண்பது பிள்ளைக்கு வச்ச சாம்பார்ல தண்ணி ஊத்தினா இருநூறு பிள்ளைக்கு ஊத்தலாம். எல்லாத் தட்டும் நிறையும். வந்து பார்க்கிற அதிகாரிக்கு நிறைஞ்ச தட்டு தெரியும். பிள்ளைங்க மட்டும் பசியோட வீட்டுக்குப் போகும். எட்டு ஊருக்கு எட்டு ஆள் வேணும்னு கேட்டேன், ஒரு ஆளை எட்டாக் கிழிச்சுக் குடுத்திருக்கோம். அதை நான் வெட்கமில்லாம ஃப்ளெக்ஸ் போட்டுக் கொண்டாடினேன். அதுக்கு இந்த மன்றத்துல மன்னிப்புக் கேட்டுக்கிறேன். இப்ப மாண்புமிகு அமைச்சர் அவர்கள்கிட்ட எனக்கு ஒரே கேள்விதான். நெடுங்கரையில் எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க?”

அமைச்சர் எழுந்தார். “எட்டு ஊர்களிலும் அலுவலர்கள் இருக்கிறார்கள்.”

“எத்தனை பேர்?”

“எட்டு ஊர்களிலும் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.”

“எத்தனை பேர்ங்கய்யா?”

ஆளுங்கட்சி வரிசையிலிருந்து உட்காருங்கள் என்று குரல் வந்தது. அவர் உட்காரவில்லை. எட்டு நிமிஷம் முடிந்து மணி அடித்தது, மறுபடி அடித்தது, ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள், ஒலிபெருக்கி இல்லாமல் அதே கேள்வியை அவர் கேட்டுக்கொண்டு நின்றார். எதிர்க்கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டியபோது அவர்களைப் பார்த்து, “தட்டாதீங்க, உங்க காலத்துலதான் இதுல நாலு இடம் காலியாச்சு” என்றார், அந்தச் சத்தமும் அடங்கிவிட்டது. அப்போது எதிர்பாராமல் ஆளுங்கட்சியின் கடைசி வரிசையில், மூன்று முறை வென்றும் இதுவரை வாய் திறந்தறியாத ஒரு மலைத்தொகுதி உறுப்பினர் மெதுவாக எழுந்து, “எங்க ஊர்ல கால்நடை மருத்துவர் நாலு பேரா இருக்காரு” என்றார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர், “எங்க வட்டத்து நில அளவையர் அஞ்சு பேரு” என்றார். எதிர் வரிசையில் ஒருவர் எழுந்து, தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் போன வருஷம் பிரிந்து போனதையும், அந்த அம்மாவை இன்னும் முழுதாகச் சேர்க்க முடியவில்லை என்பதையும் தலைகுனிந்தபடி சொன்னார். ஒவ்வொருவரும் தம் தொகுதியில் மட்டும் நடக்கிற ஒன்று என்று இத்தனை நாள் மூடி வைத்திருந்தார்கள். பதினேழு பேர் எழுந்து நின்றார்கள்.

அமைச்சர் கையில் இருந்த தாளை மடித்து வைத்தார். பிறகு, “ஒருவர்” என்றார். ஒலிபெருக்கியில் அது தெளிவாகக் கேட்டது. “நெடுங்கரையில் வேலை பார்ப்பவர் ஒருவர். நாற்பத்தோராவது பத்தி திரும்பப் பெறப்படுகிறது.”

அதற்கான விலையைக் குருவம்மாள் கொடுத்தார். மதிப்பீட்டுக் குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள், கட்சியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அவைக்குள் அவருடைய இருக்கை தூணுக்குப் பின்னால் போனது, கட்சி சார்பில் பேச நேரம் ஒதுக்குவதை நிறுத்திக்கொண்டார்கள். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைபட்டுக்கொள்ளவில்லை. பேச நேரம் இல்லாவிட்டாலும் எழுத்து மூலமாகக் கேள்வி கொடுக்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு என்று விதிப்புத்தகத்தில் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

ஆவணியில் தேர்வாணையப் பட்டியலிலிருந்து நெடுங்கரைக்கு முதல் தவணையாக ஐந்து பேரை நியமித்தார்கள். முதலாவதாக வந்தது ஜெசிந்தா என்ற பெண், ஒரு துணிப்பையும் தலைக்கவசமுமாக வல்லூரணியில் மினி பஸ்ஸைவிட்டு இறங்கினாள். பொறுப்பு ஒப்படைப்பு என்பது ஒரு தாளில் இருவர் கையெழுத்துப் போடுகிற சின்னக் காரியம். வேப்பமரத்தடியில் தவசிலிங்கம் ‘ம்’ என்று எழுதிக் கொடுத்தார், கீழே ஜெசிந்தா தன் பெயரை முழுதாக எழுதினாள், அவள் நிமிர்ந்தபோது எதிரில் யாரும் இல்லை, கிளம்பிக்கொண்டிருந்த மினி பஸ்ஸின் பின் சீட்டில் அவர் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். உலகம்மாள் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை, நேரே புஞ்சைக்கு அழைத்துப்போய்ப் புதிதாக முளைத்திருந்த சோளத்தைக் காட்டி, புழு வந்தால் என்ன அடிக்கணும், எவ்வளவு கலக்கணும், எந்த நேரம், எந்த இடத்தில் என்று நிறுத்தாமல் கேட்டாள். ஜெசிந்தா குனிந்து ஒரு குருத்தைப் பிரித்தபடி நான்கையும் நிறுத்தாமல் சொன்னாள். உலகம்மாள் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா ஆச்சு?” என்று ஜெசிந்தா பதறினாள்.

“ஒண்ணுமில்ல தாயி. இரு, டீ போட்டுக் கொண்டாறேன்.”

ஆத்திப்புதூருக்கு ஆள் வந்தது மூன்றாவதாக. அன்றைக்குச் சிவனணைந்தாள் தையலுக்கு லீவு விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்திலேயே போய்க் காத்திருந்தாள் என்று சொல்கிறார்கள். ஐந்து பேர் வந்து சேர்ந்தபின் தவசிலிங்கம் மூன்று ஊர்களில் மட்டும் இருந்தார், சுவர் அவர் வழியே தெரிவது நின்றுவிட்டது, ஆனால் இன்னும் செவல்மேட்டில் காற்று பலமாக அடிக்கிற நாளில் யாராவது ஒருவர் துணைக்கு நிற்க வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு இடம் காலி. மலைத்தொகுதியில் கால்நடை மருத்துவர் இன்னும் இரண்டு பேராக இருந்தார், செவிலியர் அம்மாவைப் பற்றி நல்ல செய்தி இல்லை.

மழைக்காலக் கூட்டத்தொடருக்குக் கேள்விகள் வாங்கும் கடைசி நாளில் குருவம்மாள் சட்டமன்றச் செயலகத்துக்குப் போய், நெடுங்கரைக் காலியிடங்கள் எப்போது நிரப்பப்படும் என்ற கேள்வி எழுதிய ஒரு தாளைக் கவுண்டரில் நீட்டினார். கவுண்டரில் இருந்த எழுத்தர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மரியாதையாக எழுந்து நின்றார்.

“அம்மா, இந்தக் கேள்வியைப் போன கூட்டத்துலயே கொடுத்துட்டீங்களே. ஒரு எழுத்துக்கூட மாறலை.”

“பதில் வந்துச்சா?”

“வந்துச்சேம்மா. ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு.”

“மீதி ஆள் வந்தாங்களா?”

எழுத்தர் தாளைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பிரிவிலும் ஆறு மேஜைகளில் ஒன்றில்தான் ஆள் இருந்தது, மற்ற ஐந்தில் கோப்புகள் மட்டும் அடுக்கியிருந்தன.

“இல்லைம்மா.”

“அப்போ கேள்வி இதேதான். வாங்கி முத்திரை போடுங்க, நான் இங்கேயே நிக்கிறேன்.”

எழுத்தர் முத்திரையை எடுத்து மையில் தோய்த்தார், குத்தினார், வரிசை எண் எழுதினார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அம்மா, எங்க பிரிவுக்கும் ஒண்ணு எழுதிக் கொடுத்துடுங்க” என்றார். குருவம்மாள் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.